இஸ்திரி அக்காவும் சுவரில் இருந்த நாட்டாமையும்

எங்கள் கட்டடத்தில் அவளை எல்லாரும் இஸ்திரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அவள் ஓரகத்தி, என் கணவரின் அண்ணன் மனைவி. முதல் மாடியில் ஒரே வீட்டில் இரண்டு குடும்பமாக இருக்கிறோம். மற்ற வீடுகளில் சோபா போட்டிருக்கும் இடத்தில் எங்கள் வீட்டில் துணி துவைக்கும் பெரிய இயந்திரங்கள் இரண்டும், துணி உலர்த்தும் இயந்திரம் ஒன்றும், நீராவி இஸ்திரி மேசையும் இருக்கின்றன. விருந்தாளி வந்தால் துணி மூட்டைமேல்தான் உட்கார வேண்டும். சோபாவைவிட அது மெத்தென்று இருக்கும்.

அக்கா முன்பு ஒரு பெரிய சலவை நிலையத்தில் வேலை பார்த்தாள். அதை மூடியபோது மற்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்கள். அக்கா மட்டும் முதலாளியிடம் போய், “இந்த மெஷினையெல்லாம் என்ன பண்ணப் போறீங்க?” என்று கேட்டாள். அப்படித்தான் அவை எங்கள் வீட்டுக்கு வந்தன. என் கணவரும் அவர் அண்ணனும் கயிறு கட்டி மேலே ஏற்றினார்கள். உலர்த்தும் இயந்திரம் படிக்கட்டு வளைவில் சிக்கிக்கொண்டது. அக்கா அதை ஒரு தட்டுத் தட்டி, “மேல வர்றியா கீழ போறியா, சீக்கிரம் முடிவு பண்ணு. பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க” என்றாள். அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தவளும் அவள்தான். எப்போதும் சூடு, ஓயாத உறுமல், ஆனால் கொடுத்த வேலையை முடித்துவிடும். எங்களுக்கு வாய்த்த மாமியார் பரம சாது. அதனால் அந்தப் பட்டம் வீட்டில் சும்மாதான் கிடந்தது.

பக்கத்து மருத்துவமனையின் போர்வை, தலையணை உறை எல்லாம் எங்களிடம்தான் வரும். அக்கா விடியுமுன் தொடங்கினால் இரவுவரை நிற்பாள். சாப்பிடுவதும் நின்றபடிதான். “உட்கார்ந்தா உடம்புக்கு நாம சும்மா இருக்கோம்னு தெரிஞ்சுடும்டி, அப்புறம் வலிக்க ஆரம்பிச்சுடும்” என்பாள்.

ஒரு சங்கடம் இருந்தது. கட்டடம் முழுவதற்கும் ஒரே கம்பியில்தான் மின்சாரம் வருகிறது. மாமியாரும் இஸ்திரியும் சேர்ந்து ஓடினால் படிக்கட்டு விளக்குகள் கண் சிமிட்டும். ஒருநாள் லிஃப்ட் பாதி வழியில் நின்றுவிட்டது. உள்ளே இருந்தவர் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர், கையில் ஒரு தர்பூசணியுடன். “இஸ்திரி! இஸ்திரி!” என்று அவர் போட்ட சத்தம் எங்கள் வாசல்வரை கேட்டது. அக்கா தலையை நீட்டி, “துணி இருந்தா வீட்டுக்கு வந்து குடுங்க சார், லிஃப்டுக்குள்ள இருந்து ஏன் கத்துறீங்க?” என்றாள்.

அதற்கப்புறம் நடந்த சங்கக் கூட்டத்தில் செயலாளர், இயந்திரங்கள் கட்டடத்தை விட்டுப் போயாக வேண்டும் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவை போனால் அக்காவின் தொழிலும் போய்விடும். வெளியே இடம் பிடித்து, தண்ணீரும் வடிகாலும் பார்த்து நடத்த எங்களுக்குத் தெம்பில்லை. பழையபடி யாரோ ஒருவர் இடத்தில் போய் நிற்க வேண்டியதுதான். அன்றைக்கு அக்கா வாயே திறக்கவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நல்ல வேளையாக, அதே கூட்டத்துக்கு ஒரு பெண் வந்திருந்தாள். தோளில் பெரிய பை, அதில் நிறைய ஒயர்கள். பிற்பாடு எல்லாரும் அவளை மீட்டர் பொண்ணு என்றே கூப்பிட்டோம்.

“மின்சாரத்தைப் பார்த்துப் பங்கு பிரிச்சுக் குடுக்கிற மென்பொருள் ஒண்ணு செஞ்சிருக்கோம். ஆய்வுக்கூடத்துல அருமையா ஓடுது. ஆனா அங்க யாரும் சமைக்கிறதில்ல, குளிக்கிறதில்ல, புருஷன் பொண்டாட்டி சண்டை போடறதில்ல. அதனால இனிமே உங்க வீடுங்கதான் எங்க ஆய்வுக்கூடம். ஒவ்வொரு வீட்டுலயும் எப்போ எவ்வளவு செலவாகுதுன்னு அது கத்துக்கும். அப்புறம் எது கொஞ்சம் பொறுத்து ஓடலாம்னு முடிவு பண்ணும். நீங்க எப்பவும்போல இருங்க, அது போதும்.”

அந்தச் சோதனை முடியும்வரை இயந்திரங்கள் இருக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று கூட்டம் கலைந்தது.

எப்போதும்போல இரு என்று சொன்னால் யாருக்கு இருக்க வரும்? போட்டோ எடுப்பவர் ‘சாதாரணமா நில்லுங்க’ என்றதும் கையை எங்கே வைப்பது என்று மறந்துபோகிறதே, அந்தக் கதைதான். எல்லா வீட்டையும்போல எங்கள் கூடத்துச் சுவரிலும் எழுத்து ஒளிரும் சின்னப் பலகை ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. இயந்திரங்களின் பிளக்கில் ஆளுக்கொரு சிறு பெட்டி மாட்டினார்கள். அக்கா பலகையை முறைத்துப் பார்த்து, “தீர்ப்பு சொல்ல வந்திருக்கார் நாட்டாமை” என்றாள். பிறகு என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போய்க் குசுகுசுத்தாள்.

“அடியே, நம்ம வீட்டுல ஒரு பூனை படுத்துத் தூங்குதுன்னுதான் அது நினைக்கணும். புரிஞ்சுதா?”

“பலகைக்குக் காது கேக்காதுக்கா. ஏன் மெதுவா பேசறீங்க?”

“நீ எதைத்தான் கண்டே!”

அன்றிலிருந்து மாமியாருக்கு ஓய்வு. தொட்டியில் போர்வைகளைப் போட்டு நானும் அக்காவும் மாற்றி மாற்றி மிதித்தோம். மொட்டை மாடியில் கொடி கட்டி உலர்த்தினோம். மேலே போய்ப் பார்த்தால் ஏதோ கப்பல் கூட்டம் வந்து நின்றதுபோல் இருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நாங்கள் ஒரு மருத்துவமனையையே மொட்டை மாடியில் மறைத்தோம். இரவில் அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “ஆனாலும் நாட்டாமை ஏமாந்துட்டாருடி” என்று சிரிப்பாள். பலகையில் எங்கள் பெயருக்கு நேரே ‘அமைதியான வீடு’ என்று பச்சை எழுத்தில் வந்தது.

கற்றுக்கொள்ளும் காலம் முடிந்து, மென்பொருள் வேலையைத் தொடங்கியது. நண்பகலில் கம்பி காலியாக இருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த நேரத்தைச் செயலாளரின் புது மின்சாரக் காருக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் கொடுத்துவிட்டது. நண்பகல்தான் அக்காவின் இயந்திரங்கள் எப்போதும் முழு மூச்சாக ஓடிய நேரம்.

“நம்ம நேரத்தைத் தூக்கி அவர் காருக்குக் குடுத்துடுச்சே! இதெல்லாம் ஒரு தீர்ப்பா?”

“அதுக்கு எப்படிக்கா தெரியும்? நாமதான் பூனை தூங்குதுன்னு சொல்லிட்டோமே.”

அக்கா என்னைப் பார்த்தாள். போய்த் தொட்டியில் இறங்கினாள்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. விடாத மழை. போர்வைகளைக் கீழே கொண்டுவந்து நாற்காலியில், ஜன்னல் கம்பியில், கதவு மேல் என்று கண்ட இடமெல்லாம் போட்டோம். வீட்டுக்குள் குனிந்துதான் நடக்க முடிந்தது. அக்காவின் கணவர் குளியலறைக்குப் போக வழி கேட்டார். மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. கட்டிலெல்லாம் வெறும் மெத்தையாகக் கிடக்கிறதாம். அக்கா போனை வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உலர்த்தும் இயந்திரத்தின் முன் போய் நின்றாள்.

“வாங்க மாமியாரே, தூங்கினது போதும்.”

உலர்த்தும் இயந்திரம் உறுமியது. துவைக்கும் இயந்திரங்கள் இரண்டும் சுற்றின. இஸ்திரி நீராவியைக் கக்கியது. கீழே கார் மின்சாரம் குடித்துக்கொண்டிருந்தது, மோட்டாரும் ஓடியது. அக்கா ஒரு போர்வையைக்கூட மடித்திருக்க மாட்டாள். அதற்குள் கட்டடம் முழுவதும் பட்டென்று இருண்டது. லிஃப்டில் யாரும் இல்லை, அதுவே பெரிய புண்ணியம்.

படிக்கட்டில் எல்லாரும் கூடிவிட்டார்கள். மீட்டர் பொண்ணு மழையில் நனைந்துகொண்டு ஓடி வந்தாள். நேராக எங்கள் வீட்டுக்குள் வந்தவள், தொங்கிய போர்வைகளுக்கு நடுவே திகைத்து நின்றாள்.

“இது அமைதியான வீடுன்னுல்ல இருக்கு?”

அக்கா நினைத்திருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவளுக்கு வாய் அப்படி. ஆனால் அந்தப் பெண்ணின் ஈரத் தலையைப் பார்த்ததும் ஒரு துண்டை எடுத்து நீட்டியபடி, “நான்தான்மா மறைச்சேன். இவ்வளவு இழுக்குதுன்னு தெரிஞ்சா மெஷினை எடுக்கச் சொல்லிடுவாங்களேன்னு பயம்” என்றாள்.

மீட்டர் பொண்ணு ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தாள். “அக்கா, உங்களுக்கு இடம் ஒதுக்கத்தான் இது வந்திருக்கு. நீங்க இருக்கறதே தெரியலன்னா எப்படி ஒதுக்கும்?”

 வாசலில் நின்ற செயலாளர் தொண்டையைச் செருமினார். “பார்த்தீங்களா, நான் அப்பவே சொன்னேன். ஒழுங்கா நேர்மையா இருக்கிற வீடுங்களுக்கு நடுவுல…”

“யாரு நேர்மை?” பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “பச்சை எழுத்து வரணும்னு ஏசியை நிறுத்திட்டு ஈரத் துண்டைப் போர்த்திக்கிட்டு உட்கார்ந்திருந்தது யாரு? வெந்நீர் கூடாதுன்னு என்னையும் பச்சைத் தண்ணியில குளிக்க வச்சு, எனக்குச் சளி பிடிச்சதுதான் மிச்சம்.”

 பிறகு மூன்றாம் மாடிக்காரர் மெதுவாக, “நாங்க துணியெல்லாம் மச்சினன் வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைச்சிட்டு வர்றோம்” என்றார். கீழ்வீட்டு அம்மா, சாயங்காலம் விளக்கில்லாமல் உட்கார்ந்து டார்ச் அடித்துத்தான் சமைக்கிறாளாம். ஒவ்வொருவராக உண்மையைச் சொல்லச் சொல்ல, படிக்கட்டு முழுக்கச் சிரிப்பு. செயலாளர்தான் கடைசியாகச் சிரித்தார், ஆனால் மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவருக்கு நிறுத்த வரவில்லை.

“அப்போ இத்தனை நாளா நான் அளந்தது ஒரு நாடகத்தையா?” என்று மீட்டர் பொண்ணு தலையில் கைவைத்துக்கொண்டாள். அவளும் சிரித்தாள்.

சோதனையை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை கட்டடம் கட்டடமாகவே இருந்தது. ஏசி ஓடியது, வெந்நீர் கொதித்தது, மாமியார் உறுமினார். பாவம், நாட்டாமை மிரண்டுபோனார். ‘இந்த வீட்டில் ஏதோ பழுது இருக்கலாம், சரிபார்க்கவும்’ என்று பலகையில் சிவப்பாக வந்தது. அக்கா இஸ்திரியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்: “பழுதில்லப்பா, பொழப்பு.”

கொஞ்சம் கொஞ்சமாக அது கற்றுக்கொண்டது. காலையில் மேல்வீட்டு வெந்நீர்க் கொதிகலன்கள் அணைந்ததும் துவைக்கும் இயந்திரங்களுக்கு வழி விட்டது. காரையும் மாமியாரையும் சேர்த்து ஓட விடாமல் முறை வைத்தது. முதலில் அக்காவின் இஸ்திரியையும் பொறுக்கச் சொன்னது.

“யாரு, நானா பொறுக்கணும்? துணியை விரிச்சு வச்சுக்கிட்டுக் கைய நீட்டிக்கிட்டா நிப்பேன்?” என்று மீட்டர் பொண்ணிடம் அக்கா சண்டைக்குப் போனாள். கையில் பிடித்துச் செய்கிற வேலையை நிறுத்தக் கூடாது, தானாக ஓடுகிறதைத்தான் நிறுத்தலாம் என்று அந்தப் பெண் மென்பொருளை மாற்றிக் கொடுத்தாள்.

முடிவு சொல்லும் நாள் வந்தது. எல்லா வீட்டிலும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டுவிட வேண்டும், என்ன ஆகிறது பார்ப்போம் என்றார் செயலாளர். தானே லிஃப்டில் ஏறிக்கொண்டார். “தர்பூசணி எடுத்துக்கலையா?” என்று அவர் மனைவி கேட்டாள். அக்கா இஸ்திரியைப் பிடித்தபடி படிக்கட்டு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  கீழே கார் மின்சாரம் குடிப்பதைத் தானாக நிறுத்தி வழிவிட்டது. மோட்டார் பொறுத்தது. லிஃப்ட் மேலே போனது, கீழே வந்தது, மறுபடி மேலே போனது. விளக்கு சிமிட்டவே இல்லை.

செயலாளர் எங்கள் மாடியில் இறங்கினார். “ஏம்மா, மெஷின் இருக்கட்டும்” என்றார். பிறகு சற்றுத் தயங்கி, “சட்டை ரெண்டு இருக்கு, கொண்டு வரட்டுமா?”

அக்கா சிரித்தாள் என்று எழுதினால் போதாது. மாமியாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். சூடு பட்டு, “ஆ” என்று குதித்து மறுபடி கட்டிப்பிடித்தாள்.

மறுநாள் பிற்பகல். இஸ்திரி வேலை முடிந்திருந்தது. மாமியாரின் முறை வரக் காத்திருக்க வேண்டும் என்றது பலகை. அக்கா கூடத்தின் நடுவில் கையைத் தொங்கவிட்டு நின்றாள்.

“இப்போ என்னடி பண்றது?”

“உட்காருங்கக்கா.”

“உட்கார்ந்து?”

“சும்மா உட்காருங்க.”

டாக்டரைப் பார்க்க வந்தவள்போல நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சாய்ந்தாள். சட்டைகளோடு செயலாளர் வாசலில் வந்து நின்றபோது அவள் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். நான் உதட்டில் விரலை வைத்தேன். அவர் சட்டைகளை என் கையில் கொடுத்துவிட்டு நுனிக்காலில் நடந்து போனார்.

விழித்ததும் என்னை ஒரு பாட்டம் திட்டினாள். “பட்டப்பகல்ல ஒருத்தி இப்படித் தூங்கறாளே, எழுப்பினா என்னவாம்? ஊரு என்ன நினைக்கும்?”

அடுத்த நாளும் அதே நேரம். இஸ்திரியை அணைத்தாள். நாற்காலியைத் தானே ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டாள். பலகையருகே போய், அதற்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னாள்:

“நாட்டாமை, இன்னிக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கணும்? கொஞ்சம் கூட்டித்தான் குடேன்.”