பூட்டிய பீரோவும் என் கையெழுத்தும்

ஏப்ரல் 22, செவ்வாய்க்கிழமை. காலை நாலு ஐம்பதுக்கு எழுந்தேன். ஐந்து பத்துக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. ஆறு குடம் பிடித்தேன். தக்காளி சாதம், உருளைக்கிழங்கு வறுவல். மகளுக்குத் தலை பின்னி முடிக்கும்போது ஏழரை. எட்டு ஐந்து பேருந்தில் ஆவுடையார்கோவில் போனேன். அங்கே ஒரு பத்திர எழுத்தரிடம் பதினான்கு வருடமாகத் தட்டச்சு செய்கிறேன். அன்றைக்கு ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம், ஒரு தானப் பத்திரம். இரண்டு மணிக்கு அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

இதுவரைக்கும் என் நாட்குறிப்பில் எழுத்து நேராக இருக்கிறது. அதற்குக் கீழே எழுதியதில் இரண்டு இடத்தில் பேனா தாளைக் கிழித்திருக்கிறது.

மகள் எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு. வகுப்பில் பதினாறு பிள்ளைகள். மறுநாள் புதன்கிழமை கடைசி வேலை நாள். பிறகு ஜூன் வரை விடுமுறை. தலைமையாசிரியர் அறையில் பச்சை நிற இரும்பு பீரோ ஒன்று நிற்கிறது. பள்ளி நூலகம் என்பது அதுதான். அதிகாரி ஒருவர் பார்வையிட வந்த நாளில் அது திறந்திருந்ததால் உள்ளே பார்த்தேன். கதைகள், அறிவியல், விடுகதைக் கணக்குகள், உலக வரைபட நூல். பாதிக்கு மேல் வந்தபடியே பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தன. அந்தப் பீரோவிலிருந்து மகள் இதுவரை ஒரு புத்தகம்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை.

அவள் படிக்கிற பிள்ளை. போன விடுமுறையில் படிக்க ஒன்றும் இல்லாமல், நான் கொண்டுவந்த பழைய பத்திர நகல்களைப் படித்தாள். நான்கெல்லை விவரத்தை, கிழக்கே இன்னார் புஞ்சை, மேற்கே வாய்க்கால் என்று ராகம் போட்டு வாசிப்பாள். வீட்டில் எல்லோரும் சிரித்தோம். எனக்கு உள்ளே எரிந்தது. அடுத்த வருடம் எட்டாம் வகுப்பில் உதவித்தொகைத் தேர்வு எழுத வேண்டும். டவுன் பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து எழுத வேண்டும். கேள்வியைப் படித்துப் புரிந்துகொள்வதிலேயே பாதி நேரம் போய்விடும் தேர்வு அது. பாடப்புத்தகத்தைத் தவிர வேறு எதையும் புரட்டாத பிள்ளை அங்கே போய் என்ன செய்யும்? இந்த விடுமுறையை விட்டால் அவளுக்கு வேறு விடுமுறை கிடையாது.

நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினர். பிப்ரவரிக் கூட்டத்தில் எழுந்து நின்று இரண்டு விஷயம் கேட்டேன். எட்டாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை தேர்வுப் பயிற்சி; விடுமுறையில் ஆளுக்கு இரண்டு புத்தகம். எல்லோரும் தலையாட்டினார்கள். அதை நம்பி இரண்டு மாதம் சும்மா இருந்தேன்.

மூன்று பத்துக்குப் பள்ளிக்குப் போனேன். கூட வந்தவள் எங்கள் தெருக்காரி. மணமேல்குடியிலிருந்து மீன் எடுத்து வந்து மொபெட்டில் விற்கிறவள். அவள் மகனும் அதே வகுப்பு.

"சார், புத்தகம் எப்பக் குடுப்பீங்க? நாளையோட பள்ளிக்கூடம் லீவு" என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன்.

"எந்தப் புத்தகம்மா?"

"பிப்ரவரியில பேசுனோமே சார். பிள்ளைங்களுக்கு ஆளுக்கு ரெண்டு."

"அதான் வேணாம்னு தீர்மானம் போட்டாச்சே" என்றார்.

சொல்லிவிட்டுத் தீர்மானப் புத்தகத்தை எடுத்து, பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். விடுமுறைக் காலத்தில் நூல்கள் சேதமடையக்கூடும் என்பதால் மாணவர்களிடம் வழங்க வேண்டாம் எனப் பெற்றோர் கேட்டுக்கொண்டனர் என்று எழுதியிருந்தது. அடுத்த வரி, விடுமுறை நாட்களில் பிள்ளைகள் வீட்டு வேலைக்குத் தேவைப்படுவதால் சனிக்கிழமைப் பயிற்சி தேவையில்லை எனவும் கேட்டுக்கொண்டனர். கீழே கையெழுத்துகள். மூன்றாவது என்னுடையது.

எப்படி என்று யோசிக்க வேண்டியதே இல்லை. எங்கள் கூட்டம் நடக்கும் முறை அது. உள்ளே நுழைந்ததும் புத்தகத்தை நீட்டுவார்கள். மேலே தேதி மட்டும் இருக்கும், நடுவில் முக்கால் பக்கம் வெள்ளை, நாங்கள் அடியில் கையெழுத்துப் போடுவோம். பிறகு டீ, மிக்சர், பேச்சு. அந்த வெள்ளை இடத்தை யாராவது ஓர் ஆசிரியர் மறுநாள் நிரப்புவார். யாரும் தப்பாக நினைப்பதில்லை. வேலைக்குப் போகிற பெண்களைக் காக்க வைக்காமல் சீக்கிரம் அனுப்புகிற நல்ல ஏற்பாடு என்றே நானும் நினைத்திருந்தேன்.

பத்திர எழுத்தரிடம் என் வேலையில் பாதி, கையெழுத்துப் போடப் போகிறவர்களுக்குப் பத்திரத்தை முதல் வரியிலிருந்து வாசித்துக் காட்டுவது. அவசரப்படுகிறவர்களை அதட்டி உட்கார வைத்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் என் மகள் விஷயத்தில் வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவர்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்தது பெரிது. ஆனால் என்னை நான் வீட்டில் போய்த் திட்டிக்கொள்ளலாம்.

"நான் கேட்டதுக்கு நேர் எதிரா எழுதியிருக்கு சார். இத எழுதுறதுக்கு முன்னாடி வாங்குன கையெழுத்து இது."

"கையெழுத்து உங்களுதுதானம்மா?"

"என்னுதுதான்."

"பெறகென்ன?"

மீன்காரி முன்னால் வந்தாள். "சாரு, நகைக்கடைக்காரன்கூட வாங்க வாங்கன்னு கூப்புட்டு தொறந்து காட்டுவான். நீங்க என்ன இப்புடிப் பொத்தி வச்சிருக்கீங்க?"

"ஒனக்கென்னம்மா, வித்துட்டுப் போயிருவ. ஒரு புத்தகம் கொறஞ்சாலும் ஆடிட்ல நான்தான் நிக்கணும். ரிட்டயர் ஆகப் போற நேரத்துல எனக்கு எதுக்கு வம்பு?"

"அப்ப கரையான் தின்னா பரவால்லயா?"

"அது இருப்புல இருக்கும்ல" என்றார். வாய் தவறி வரவில்லை. நிதானமாக, எங்களுக்கு விளக்குகிற மாதிரி சொன்னார். கரையான் அரித்த புத்தகத்துக்கு அவர் பதில் சொல்ல வேண்டாம். ஒரு பிள்ளை படித்துக் கிழித்தால் பதில் சொல்ல வேண்டும். இந்த ஒரு பயத்துக்காகப் பதினாறு பிள்ளைகள்.

நான் மேசையில் கிடந்த பேனாவை எடுத்தேன். அந்தத் தீர்மானத்துக்கு அடியில், இது என் கோரிக்கை அல்ல என்று எழுதி, தேதி போடப் போனேன். அவர் புத்தகத்தைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. ஓய்வு பெறப் போகிற அவரும் நாற்பதைத் தாண்டிய நானும் ஒரு நோட்டுக்காக மல்லுக்கு நின்றோம். வாசலில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள்.

"விடுங்கம்மா, ஆபீஸ் ரெக்கார்டு!"

"நாளைக்கு நான் கல்வி அலுவலருக்கு எழுதுவேன் சார். வெள்ளைத் தாள்ல எத்தனை கூட்டத்துக்குக் கையெழுத்து வாங்குனீங்கன்னு தேதியோட எழுதுவேன். எங்கிட்ட டைரி இருக்கு."

அவர் கை தளர்ந்தது. "சரி. நாளைக்குப் பதினோரு மணிக்குள்ள பதினாறு பெத்தவங்கட்டயும் தனித்தனியா எழுதி வாங்கிட்டு வாங்க. ஒண்ணு கொறஞ்சாலும் தொறக்க மாட்டேன். சனிக்கிழமை சமாசாரத்த ஜூன்ல பாப்போம்."

முடியாது என்று நினைத்துத்தான் சொன்னார். நான் நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அங்கேயே நின்று எழுதினேன். என் பிள்ளைக்கு விடுமுறையில் படிக்க இரண்டு நூலகப் புத்தகங்கள் வழங்கக் கேட்டுக்கொள்கிறேன். ஜூனில் திருப்பித் தருவேன். தொலைந்தாலோ கிழிந்தாலோ நானே முழுப் பொறுப்பு. பதினாறு நகல். என்னுடையதிலும் மீன்காரியுடையதிலும் அங்கேயே கையெழுத்து.

ஐந்தரைக்கு இருவரும் வீடு வீடாகக் கிளம்பினோம். முதல் வீட்டில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "எங்கிட்டுக்கா போடணும்?" என்றாள்.

"படிச்சுட்டுப் போடு."

"நீங்க குடுத்தா சரியாத்தான் இருக்கும்."

"நான் குடுத்தாலும் படி!" என்று கத்திவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போனது. அவள் செய்த தப்பு என்ன? நான் பிப்ரவரியில் செய்ததைத்தான் அவளும் செய்யப் பார்த்தாள். அடுத்தடுத்த வீடுகளிலும் இதே கதை. படிக்கத் தெரியாத ஒருத்திக்கு அவள் மகளே வாசித்துக் காட்டினாள். முழுதும் கேட்டுவிட்டு, "ரெண்டுதானா? நாலு கேக்கலாம்ல?" என்றாள் அவள். அன்று முழுதும் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான். எட்டு மணிக்குள் பதிமூன்று தாள் சேர்ந்தது. மூன்று வீடு பூட்டிக் கிடந்தது. அறந்தாங்கியில் கட்டட வேலைக்குப் போனவர்கள், கடைசி பேருந்தில்தான் திரும்புவார்கள் என்றார்கள்.

புதன்கிழமை நாலரைக்கு எழுந்தேன். குழாயடிக்குப் போகவில்லை. முதல் வேலையாக, பூட்டிக் கிடந்ததில் முதல் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். அந்தப் பையனின் அப்பா, கொத்தனார், பல் விளக்கிக்கொண்டே வந்தார். "படிச்சுட்டுப் போடுங்கண்ணே" என்றேன். வாயைக் கொப்பளித்துவிட்டு, விளக்கடியில் நின்று, விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

"இந்த வரி எதுக்குங்க? பிள்ள படிச்சா புத்தகம் கிழியத்தான் செய்யும். அதுக்கு நான் ஏன் பொறுப்பு எழுதித் தரணும்? அந்த ஆளு கேட்டாரா?"

தலைமையாசிரியர் கேட்கவில்லை. எழுதி வாங்கி வாருங்கள் என்றுதான் சொன்னார். அந்த வரியை அவர் பயத்துக்குப் பயந்து நானே போட்டிருந்தேன். பதினாலு வருடம் வரி வரியாகப் பார்க்கிற கண்ணுக்கு அது படவில்லை.

"இத அடிங்க, போடுறேன்" என்றார்.

அடித்தேன். பக்கத்தில் அவரும் நானும் சுருக்கொப்பம் போட்டோம். ஏற்கெனவே கையெழுத்தான பதிமூன்று தாளிலும் அந்த வரி இருந்தது. போட்டவர்களைக் கேட்காமல் அதை அடிக்க எனக்கு உரிமை இல்லை. மணி நாலு ஐம்பது. தாள்களை மார்போடு பிடித்துக்கொண்டு, முந்தின நாள் மாலை நான் கத்திய அந்த வீட்டை நோக்கித் திரும்ப நடந்தேன்.