ஓபல் டிங்கரின் பன்றித்தொடை

எங்கள் கார்வில் ஊரில் பணக்காரி என்று பேரெடுக்க ஓபல் டிங்கருக்கு ஒரு சென்ட் கூடச் செலவாகவில்லை. ஒரு கோட்டும் ஒரு தள்ளுவண்டியும் போதுமாக இருந்தது.

கோட்டு, வங்கிக்காரர் மனைவி கழித்துப் போட்டது. கழுத்துப் பட்டையில் நரித்தோல் வைத்தது. ஓபல் ஊரார் துணியைத் துவைத்து இஸ்திரி போட்டுப் பிழைத்த விதவை. அவளிடம் இருந்த ஒரே நல்ல துணி அதுதான். அதைப் போட்டுக்கொண்டு ஹம்பிரி கடைக்குக் காராமணி வாங்க வந்த அன்றைக்கு, மேனேஜர் வாம்பிளின் கண்ணில் பட்டாள்.

வாம்பிள் அப்போது நொந்து நூலாகிப் போயிருந்தார். ஹம்பிரி கடைகளுக்கு ஓக்லஹோமாவில் ஊருக்கு ஊர் கிளை உண்டு. மேசைக்குப் பின்னால் ஆள் நின்று எடுத்துக் கொடுத்த காலம் போய், வருகிறவர்களே அலமாரியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஆனதும் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. ஆனால் கையிலிருக்கும் கூடை கனத்துவிட்டால் சனங்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள். முதலாளி மண்டையைக் குடைந்து, மடக்கு நாற்காலிக்குச் சக்கரம் மாட்டிய மாதிரி ஒரு வண்டி செய்து, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகக் கூடை வைத்து, எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பினார். ஒருவரும் தொடவில்லை.

"ஏன், என் கை என்ன சூம்பியா போச்சு?" என்றார்கள் ஆண்கள்.

"ஆறு பிள்ளையை வண்டியில வச்சுத் தள்ளியாச்சு. இனி முட்டைக்கோசையும் வச்சுத் தாலாட்டணுமாக்கும்?" என்றார்கள் பெண்கள். தடியூன்றி வந்த கிழவர்களோ வண்டியைப் பார்த்ததும் தடியை ஒளித்துக்கொண்டு விறைப்பாக நடந்தார்கள்.

வாம்பிள் ஓபலை அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க ஒண்ணும் வாங்க வேணாம்மா. வாரத்துக்கு மூணு நாள் சாமானை நிறைச்சு வண்டியைத் தள்ளிக்கிட்டு நடந்தாப் போதும்."

"நடந்து?"

"திரும்பியும் நடக்கணும்."

"இதுக்கா சம்பளம் குடுப்பீங்க? ஆளைப் பார்த்து விளையாடுறீங்களா?"

"சத்தியமாம்மா. உங்களைப் பார்த்தா தினம் கறி திங்கிற முகம். அதான் கூப்பிட்டேன். ஆனா ஒரு வார்த்தை வெளியே போச்சோ, வேலையும் போச்சு. கடவுள்கிட்டக்கூடச் சத்தமாச் சொல்லக் கூடாது."

காராமணி தின்று வளர்ந்த முகத்துக்கு இப்படி ஒரு பாராட்டு கிடைத்ததில் ஓபலுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு சரியென்றாள்.

அதற்கும் ஒரு படிப்பு இருந்தது. முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும், வாயில் ஒரு பாட்டு இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, டப்பாக்களின் படம் போட்ட பக்கம் எப்போதும் வெளியே பார்த்திருக்க வேண்டும். அதை வாம்பிள் செய்து காட்டிப் பாடம் எடுத்தார். கூடையின் உச்சியில் ஒரு முழுப் பன்றித்தொடை உட்கார்ந்திருக்கும். அந்தக் காலத்தில் அது துணி உறையில் தைத்துத்தான் வரும். நிசமானதை வைத்தால் நாலு நாளில் கடையே நாறும் என்பதால், வாம்பிள் உறைக்குள் மரத்தூளை அடைத்துத் தைத்துக் கொடுத்தார். ஓபல் அதை ராசாவைப் பல்லக்கில் கொண்டுபோவது போல் தள்ளிக்கொண்டு போனாள்.

மெல்ல மெல்லப் பெண்கள் வண்டியைத் தொட்டார்கள். நரித்தோல் கோட்டும் முழுத் தொடையுமாக ஓபல் தள்ளுகிறாள் என்றால் அது ஏதோ கௌரவமான காரியமாகத்தான் இருக்கும். முதலில் மருந்துக்கடைக்காரர் மனைவி, அப்புறம் பள்ளிக்கூட டீச்சர்கள். கூடவே பேச்சும் கிளம்பியது. கிளப்பியவள் அடுத்த வீட்டு நெட்டி பிராக்டர். நல்லவள்தான், ஆனால் ஒரு விஷயம் அவள் வாயில் ஆறும்வரை நின்றதில்லை.

"செத்துப்போன டிங்கர் எங்கேயோ புதைச்சு வச்சிருக்கான். இல்லேன்னா வாரத்துக்கு மூணு தொடைக்கறி எங்கேயிருந்து வரும்? பொரிக்கிற வாசனைகூட வெளியே விடமாட்டேங்கிறா, பார்த்தியா? சன்னலைச் சாத்திக்கிட்டு ஒத்தையாத் திங்கிறா!"

இந்தப் பேச்சால் ஓபலுக்கு நன்மையும் உண்டு. துணி போடுகிறவர்கள் கூலியில் பேரம் பேசுவதை விட்டுவிட்டார்கள். பணக்காரியிடம் பேரம் பேச யாருக்கு வாய் வரும்? ஏழைகளிடம்தான் நமக்கெல்லாம் நன்றாகப் பேச வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாம் தலைகீழானது. ஆராதனை முடிந்ததும் போதகர் ஹாலிஸ் கிரம் எழுந்து, வரும் ஞாயிறு மதியம் தாமும் மனைவியும் சகோதரி ஓபல் வீட்டில் சாப்பிடப்போவதாகச் சந்தோஷமாக அறிவித்தார். சபையே திரும்பிப் பார்த்தது. நெட்டி நாக்கைச் சப்புக்கொட்டிய சத்தம் ஓபலின் பெஞ்சு வரைக்கும் கேட்டது.

ஓபல் வீடு வரைக்கும் கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தாள். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். சொல்லாமல் காராமணியைப் போட்டால், போதகருக்கே கறி போடாத கஞ்சப் பிசினாறி என்று ஊர் காறித் துப்பும். துணி போட ஒருத்தியும் வரமாட்டாள். நிசத் தொடை வாங்கலாம் என்றால் ஒரு மாசக் கூலி வேண்டும். சனிக்கிழமை ராத்திரி அந்த மரத்தூள் தொடையை நினைத்து, அதைச் செய்த வாம்பிளை வாயார வைதுவிட்டுப் படுத்தாள்.

ஞாயிறு வந்தது, போதகரும் வந்தார். கூடவே அவர் மனைவி லூர்லீன், ஒல்லியான பெண், கையில் ஒரு பீச் பழ டப்பாவோடு. போதகர் உட்கார்ந்ததும் தன் மனைவியைப் பற்றித் தொடங்கிவிட்டார்.

"சகோதரி, இவளைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. வாரத்துல மூணு நாள் பஸ் ஏறி பெல்டன் ஊருக்குப் போய் வியாதிக்காரங்களைப் பார்த்துட்டு வர்றா. கால் வீங்கிப் போகுது. ஒரு முணுமுணுப்பு உண்டா? கிடையாது!"

ஓபல் தலையாட்டிக்கொண்டே சட்டியைக் கொண்டுவந்து வைத்து, மூடியைத் திறந்தாள். காராமணி. பக்கத்தில் மக்காச்சோள ரொட்டி. போதகர் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அடியில் ஏதாவது இருக்குமோ என்று இன்னொரு தரம் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அந்த நேரத்தில்தான் லூர்லீன் தன் டப்பாவை மேசை மேல் வைத்தாள். வைத்தவள் ஒற்றை விரலால் அதை மெல்லத் திருப்பி, பீச் பழப் படம் வெளியே தெரியும்படி நிறுத்தினாள்.

ஓபல் அந்த விரலைப் பார்த்தாள். தானும் கை நீட்டி, மேசையில் இருந்த ஊறுகாய் பாட்டிலைத் திருப்பி, படம் வெளியே பார்க்க வைத்தாள். லூர்லீன் நிமிர்ந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெல்டனிலும் ஹம்பிரி கடைக்கு ஒரு கிளை இருந்தது.

"நான்தாங்க சகோதரிகிட்டே சொல்லிவச்சேன்" என்றாள் லூர்லீன் சட்டென்று. "உங்களுக்கு வயிறு சரியில்லை, கறி ஆகாதுன்னு."

"எனக்கா?"

"உங்களுக்குத்தான். ஜெபம் பண்ணுங்க, ஆறிடப் போகுது."

அன்றைய ஜெபம் மிகச் சிறியதாக இருந்தது.

பாத்திரம் கழுவும் சாக்கில் இரண்டு பெண்களும் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். லூர்லீன் பாத்திரம் துடைக்கும் துணியை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"உங்க வண்டி மேல இருந்த தொடையை நினைச்சு ரெண்டு வாரமா நாக்கு ஊறிக்கிட்டு, அவரை நச்சரிச்சு இழுத்துக்கிட்டு வந்தேன். சபைக்காரங்க சம்பளத்துக்குப் பதிலா டர்னிப் கிழங்கு குடுக்குறாங்க. எத்தனை கிழங்குதான் திங்கிறது?"

"அது மரத்தூளும்மா."

"எங்க கடையில வைக்கோல். உங்களது நிசம்னுல்ல நினைச்சேன்! எவ்வளவு அம்சமா இருந்துச்சு!"

"அப்போ பெல்டன் வியாதிக்காரங்க?"

"எல்லாரும் சௌக்கியமா இருக்காங்க" என்றாள் லூர்லீன். ஓபல் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் கண்ணில் நீர் வந்துவிட்டது.

புதன்கிழமை பெண்கள் கூட்டத்தில் போதகரம்மாவே வாய் திறந்தாள்: சகோதரி ஓபல் வீட்டு மாதிரிச் சாப்பாட்டைத் தான் ஆயுசில் சாப்பிட்டதில்லை. அதில் பொய் ஒன்றும் இல்லை. ஓபலின் பேர் முன்னைவிட உயர்ந்தது.

உயர்ந்து என்ன செய்ய? ஒரு வருஷத்துக்குள் ஊரில் வண்டி தள்ளாத ஆளே இல்லை என்று ஆயிற்று. வண்டி கிடைக்கவில்லை என்று வாசலில் சண்டை போட்டார்கள். இனிமேல் காசு கொடுத்து ஆளை வைத்துத் தள்ளச் சொல்வானேன்? வாம்பிள் தலையைச் சொறிந்துகொண்டு ஓபலை அனுப்பிவைத்தார். போகும்போது மரியாதையாக ஒரு பரிசும் கொடுத்தார்: அந்த மரத்தூள் தொடை.

ஓபல் அதைத் தூக்கி எறியவில்லை. தெருவைப் பார்த்த சமையலறைச் சன்னலில் கொக்கி போட்டுத் தொங்கவிட்டாள். கூலியைக் குறைக்கலாமா என்று வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் கேட்ட கூலியைக் கொடுத்தார்கள்.

அப்புறம் யுத்தம் வந்தது. கறிக்கு ரேஷன் வந்தது. கார்வில்லில் ஒவ்வொரு வீட்டிலும் கொழுப்புத் துண்டுக்கு ஏங்கிக்கொண்டிருக்கையில், ஓபலின் சன்னலில் மட்டும் ஒரு முழுத் தொடை மாதக்கணக்கில் தொங்கியது. நெட்டி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எச்சில் விழுங்கினாள். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து ஓபல் வீடு திரும்பியபோது கொக்கி வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தது. அன்றைக்குச் சபையில் ஒரே ஒரு இடம்தான் காலியாக இருந்தது. நெட்டிக்குத் தலைவலியாம்.

ஓபல் யாரிடமும் மூச்சு விடவில்லை. போதகரம்மாவிடம் மட்டும் சொன்னாள். "இந்த ஊர்ல நான் ஏழைன்னு உங்களைத் தவிர இன்னொரு ஆளுக்கும் இப்போ தெரியும். ஆனா பாவம், அவளால அதை வெளியே சொல்ல முடியாது." நெட்டியின் வாய்க்கு இதைவிடப் பெரிய தண்டனையைக் கடவுளே யோசித்திருக்க மாட்டார்.

மூன்றாம் நாள் நெட்டி பின்வாசல் வழியாக வந்தாள். கையில் மூடிய கிண்ணம். ஓபலின் முகத்தைப் பார்க்காமல் அதை மேசையில் வைத்தாள். உள்ளே காராமணி, காராமணிக்கு நடுவில் விரல் நீளத்துக்கு நிசமான பன்றிக்கறி. நெட்டி வீட்டின் ஒரு வார ரேஷன் அது.

மனம் இளகியதைக் காட்டிக்கொண்டால் அவள் ஓபல் அல்ல.

"தலைவலி போயிடுச்சா, நெட்டி?"

"போயிடுச்சு."

"சிலருக்கு மரத்தூள் ஆகாது. மூக்குல ஏறினா மண்டையைப் பிளந்துடும்."

நெட்டி வாசல்வரை போனாள். காது சிவந்திருந்தது.

"நெட்டி, அந்த உறையை மட்டும் குடுத்துடு. நல்ல துணி. மறுபடி தூள் அடைச்சுத் தொங்கவிடணும். இல்லேன்னா கூலியைக் குறைச்சுடுவாளுங்க."

நெட்டி திரும்பிப் பார்த்தாள். "நானே அடைச்சுத் தச்சுக் கொண்டாறேன்" என்றாள். "நீ தச்சா தையல் தெரியும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சன்னலில் தொடை தொங்கியது, முன்பைவிடக் கொழுத்து. ஆராதனைக்குப் போகிற வழியில் நெட்டி அதன் அடியில் நின்று, பக்கத்தில் வந்த பெண்களிடம் பெருமூச்சு விட்டுச் சொன்னாள்:

"பார்த்தீங்களா? இன்னும் ஒத்தையாத்தான் திங்கிறா!"