கைக்குட்டை என்று சொன்ன பொய்

ஐந்து கரத்து முதல்வனே, பிழையை மறையாது எழுதும் துணிவை இந்தக் கைக்குத் தந்தருள்வாய். விடையேறி வரும் பெருமானே, பாடிய வாயையும் பாடத் தவறிய வாயையும் ஒருங்கே ஏற்கும் உன் திருவடிகளுக்கு வணக்கம்.

இன்று ஆனி மாதத்து வளர்பிறைத் திரயோதசி, அனுட நட்சத்திரம், திங்கட்கிழமையோடு கூடிய பிரதோஷம். விடியலில் நீராடித் திருநீறணிந்து அமர்ந்தேன். கல்வராயன் மலைமேல் ஒரு பகற்பொழுது மட்டும் எனக்கு உறவினராய் இருந்த சிலரின் முகங்கள் நினைவில் எழுந்தன. அவர்களில் எவர் இன்று எந்த ஊரில் இருக்கிறார் என்று அறியேன். அவர்கள் விளையாடிய சரிவில் இப்போது மரவள்ளி பயிராகிறது. பேருந்து அவ்வழியே திரும்பும்போதெல்லாம் நான் சன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

கச்சிராயபாளையத்தில் எங்கள் சிவன் கோயிலில் பிரதோஷந்தோறும் இறைவன் விடை வாகனத்தில் மூன்று முறை வலம் வருவார். முதற்சுற்று வேதத்துக்கு, இரண்டாம் சுற்று தமிழுக்கு, மூன்றாம் சுற்று நாகசுரத்துக்கு. அந்த இரண்டாம் சுற்றில் பதிகம் பாடும் பேறு எனக்கு வாய்த்திருந்தது. பண்ணோடு பாட வேறொருவர் அங்கு இல்லை. ஒருமுறை நான் காய்ச்சலில் கிடந்தபோது அச்சுற்று ஒலியின்றியே நடந்ததென்று குருக்கள் சொன்னார். அதைக் கேட்டபின் பல நாள் என் மனம் ஆறவில்லை. அப்போதே கீழ்ப்பற்கள் முழுவதும் போய், பல் செட்டு வைத்துத்தான் பாடிவந்தேன். அது இல்லாவிட்டால் என் வாயிலிருந்து காற்றுத்தான் வரும்.

அன்றும் ஆனிப் பிரதோஷம். மாலைக்குள் திரும்பிவிடலாம் என்று காலையிலேயே மனைவியும் நானும் வெள்ளிமலைப் பேருந்தில் ஏறி, பழைய அலுவலக நண்பர் ஒருவரின் பலாத் தோப்புக்குப் போயிருந்தோம். சுளைகளைத் தின்றுவிட்டு, இரண்டு மணிப் பேருந்துக்காகச் சாலையோரம் வந்து நின்றோம். பலாவின் நாரொன்று செட்டுக்கு அடியில் புகுந்து ஈறை அறுத்தது. யாரும் காணாமல் செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் பொதிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

சாலைக்குக் கீழே சில்வர் ஓக் மரங்கள் நின்ற புல்சரிவில் ஏழெட்டுப் பேர் வண்ணத் தட்டுகளை வீசிக்கொண்டிருந்தார்கள். தொலைவில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை ஒன்று. தட்டு அதில் போய் விழும்போது கலகலவென்று ஓசை எழும். டிஸ்க் கோல்ஃப் என்ற ஆட்டமாம். பிழைப்பில்லாதவர்கள் என்று எண்ணியபடியேதான் வேடிக்கை பார்க்க இறங்கினேன்.

ஒருவருடைய தட்டு முட்புதருக்குள் போயிற்று. உடனே ஆட்டம் நின்றது. அவரோடு போட்டியிட்டவர்களே புதரை விலக்கித் தேடினார்கள். பின்னால் ஆடிவந்த வேறொரு குழுவினரும் பைகளை இறக்கி வைத்துவிட்டு அதில் கலந்துகொண்டார்கள். கிடைத்ததும் எல்லோர் முகத்திலும் தம் பொருளே கிடைத்ததுபோல் மகிழ்ச்சி. வியந்து நின்றவன் தற்செயலாக இடுப்பைத் தடவினேன். கைக்குட்டை இல்லை.

குனிந்து புல்லைத் துழாவிய என்னிடம் மனைவி வந்தாள்.

"ஏங்க, இன்னா தேடிக்கினு இருக்கீங்க?"

வாயைச் சுட்டிக் காட்டினேன்.

"சரியாப் போச்சி! பல்ல வுட்டுட்டு சாமிக்கு இன்னாத்த பாடப் போறீங்க?"

மெல்லப் பேசு என்று கையமர்த்துவதற்குள், ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் நெருங்கிவிட்டார். கள்ளக்குறிச்சியில் இரும்புக் கடை வைத்திருந்த பாய் அவர். அந்தக் கூடைகளைப் பற்றவைத்துச் செய்தவரும் அவரே.

"இன்னா தொலைச்சிட்டீங்க அய்யா?"

"கைக்குட்டை" என்றேன், வாயைப் பொத்திக்கொண்டு.

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். ஒரு கைக்குட்டைக்கா இத்தனை பதற்றம் என்று கேட்கவில்லை. "எல்லாரும் வாங்கப்பா, அய்யா கர்ச்சீப்ப தேடணும்" என்று குரல் கொடுத்தார். அத்தனை பேரும் வந்தார்கள். நாங்கள் தேடிக்கொண்டிருக்கையில் எங்கள் பேருந்து வந்து, நின்று, போய்விட்டது.

சிறிது நேரத்தில் ஒருவர் முள்ளில் சிக்கியிருந்த கைக்குட்டையை எடுத்து உயர்த்திக் காட்டினார். கைதட்டினார்கள். ஓடிப்போய் வாங்கினேன். பொதி அவிழ்ந்து வெறுந்துணியாய் இருந்தது. அவர்களோ, காரியம் முடிந்ததென்று பைகளைத் தோளில் மாட்டத் தொடங்கிவிட்டார்கள்.

மனைவி என் முழங்கையை இடித்தாள். "வாயத் தொறந்து சொல்லுங்களேன். சொல்லாம வூட்டுக்குப் போயி அழுவீங்களா?"

இத்தனை ஆண்டுகள் மெய்யே உருவானவன் என்று இறைவனைப் பாடிய வாய் அது. வெயிலில் வியர்த்து நின்ற முன்பின் அறியாத மனிதர்களிடம், வெட்கத்துக்கு அஞ்சி அது பொய் சொல்லியிருந்தது. கையை எடுத்துவிட்டு, குழறிய சொற்களால் சொன்னேன்: "மன்னிக்கணும். கைக்குட்டைக்குள்ள என் பல் செட்டு இருந்தது. அஞ்சு மணிக்குக் கோயில்ல பாடணும்."

பாய் சிரித்தார். "அதான் வாயப் பொத்திக்கினே பேசனீங்களா? நான் மதியம் வெங்காயம் ஜாஸ்தி தின்னுட்டேன், வாடை அடிக்குது போலன்னு ஒதுங்கி ஒதுங்கி நின்னேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியின் சிரிப்புத்தான் உரக்கக் கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்க ஆட்டத்துல நடுவர் கெடையாது அய்யா" என்றார் பாய். "தன் தட்டு எங்க வுழுந்துச்சின்னு அவங்கவங்களே சொல்லணும். நீங்க பல்லுன்னு சொல்லியிருந்தா மொதல்லயே கவனமா கால் வெச்சிருப்போம்." பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, "எல்லாரும் ஷூவக் கழட்டுங்க. மிதிச்சிட்டா உடைஞ்சி போயிடும்" என்றார்.

பின்னால் வந்த குழுவினரையும் சேர்த்து இருபது பேர் இருக்கலாம். அத்தனை பேரும் காலணிகளைச் சாலையோரம் கழற்றி வைத்தார்கள். நான் எங்கே நின்றேன், எங்கே திரும்பினேன் என்று மனைவி நடந்து காட்டினாள். அவள் காட்டிய வழியில், கைக்குக் கை தொடும் தொலைவில் வரிசையாகி, வெறுங்காலோடு அடிமேல் அடி வைத்து வந்தார்கள். சரிவெல்லாம் நெருஞ்சி. புதுச்சேரியிலிருந்து வந்திருந்த பெண்மணி ஒருவர் பாதத்தில் தைத்த முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வரிசையை விடாமல் நடந்தார். "போதும்மா" என்றேன். "இருக்கட்டும் அய்யா" என்றார். மணி மூன்றைக் கடந்துவிட்டது. இன்றைக்கும் அந்தச் சுற்று ஊமையாகத்தான் போகும் என்று மனத்தைத் தேற்றத் தொடங்கினேன்.

கண்டெடுத்தவரும் அந்தப் பெண்மணியே. உதிர்ந்த சருகுகளுக்கு அடியில் கிடந்திருக்கிறது. அவர் கூவவில்லை, உயர்த்திக் காட்டவில்லை. உள்ளங்கையில் மூடிக்கொண்டு ஒதுங்கிப் போய், தாம் குடிக்க வைத்திருந்த நீரால் மும்முறை கழுவி, என்னிடம் கொண்டுவந்து தந்தார். பிறகு எனக்கு முதுகு காட்டித் தம் துண்டை இரு கைகளிலும் விரித்துப் பிடித்தார்.

"போட்டுக்குங்க அய்யா. நான் மறைச்சிக்கினு நிக்கிறேன்."

அந்தத் துண்டின் மறைவில் பல்லோடு கண்ணையும் சரிசெய்துகொண்டேன்.

அடுத்த பேருந்து வர இன்னும் நெடுநேரம் இருந்தது. பாய் தம் காரைத் திருப்பினார். "உங்க ஆட்டம் பாதியில நிக்குதே" என்றேன். "ஆட்டம் அடுத்த ஞாயித்துக்கெழமை இருக்கும் அய்யா, ஏறுங்க" என்றார். கொண்டையூசி வளைவுகளில் நான் வழிசொல்ல முயன்றபோது, பின்னிருக்கையிலிருந்து மனைவி, "வாய மூடிக்கினு வாங்க, மறுபடியும் வுழுந்துடப் போவுது" என்றாள். பாய் சிரித்த சிரிப்பில் கார் ஒருமுறை ஓரத்து மண்ணைத் தொட்டு மீண்டது.

கோயில் வாசலை அடைந்தபோது உள்ளே வேதவொலி ஓய்ந்துகொண்டிருந்தது. முதற்சுற்று முடிகிறது. "ஓடுங்க அய்யா, செருப்ப நான் பாத்துக்கறேன்" என்று பாய் கதவைத் திறந்துவிட்டார். கைகால் அலம்பி, தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு விடை வாகனத்தின் பின்னால் சேர்ந்தேன். குருக்கள் என்னைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். பாடத் தொடங்கினேன்.

சுற்று வாசலுக்கு நேரே வந்தபோது வெளியே பார்வை போயிற்று. பாய் இன்னும் போகவில்லை. காரின்மேல் சாய்ந்து, என் செருப்புகளைப் பக்கத்தில் ஒழுங்காக வைத்துக்கொண்டு, தலையைச் சற்றே தாழ்த்திக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரையே பார்த்ததில் பதிகத்தில் ஓரடி விட்டுப்போயிற்று. இத்தனை ஆண்டுகள் பாடியதில் நான் அடி தவறியது அன்றுதான். குருக்கள் திரும்பிப் பார்த்தார். இறைவனைச் சுமந்தவர்கள் நின்று காத்தார்கள். விட்ட அடியை மீண்டும் எடுத்துப் பாடினேன்.

இதைப் படிக்கும் நீங்கள் அனைவரும் நோயற்று நெடிது வாழ்க. உங்கள் பொருளொன்று தவறிப்போகும் நாளில், பெயரறியா மனிதர்கள் உங்களுக்காகக் குனிவார்களாக. அவர்களிடம் உள்ளதை உள்ளவாறே சொல்லும் மனத்தை விடையேறும் பெருமான் உங்களுக்கு அருள்வாராக.