சுவரில் தெரிந்த தெரு

சிங்கப்பூரில், குழந்தைகள் தொட்டு விளையாடும் ஓர் அறிவியல் கூடத்தின் இருட்டறை. சிறு துளை வழியே வந்த வெளிச்சத்தில் வெளித்தெரு எதிர்ச்சுவரில் தலைகீழாகத் தெரிந்தது.

“அப்பா, எல்லாரும் தலைகீழா நடக்கறாங்க” என்றாள் மகள்.

எண்பதுகளில், குரோம்பேட்டையில், எங்கள் வீட்டு மர ஜன்னலிலும் அப்படி ஓர் ஓட்டை இருந்தது. இதய நோயால் படுத்தே கிடந்த அக்கா ஜன்னலை மூடச் சொல்லி, சுவரில் தெருவைப் பார்ப்பாள்.

“டேய், அம்மா ஆபீஸ்லேர்ந்து வந்தாச்சு, கதவைத் திற” என்பாள். நான் ஓடுவேன்.

அவள் இறந்த பிறகு, ஒரு மாலை அவள் கட்டிலில் படுத்துப் பார்த்தேன். கைப்பையோடு அம்மா தலைகீழாக வந்துகொண்டிருந்தாள். கதவைத் திறக்கச் சொல்ல யாருமில்லை. அம்மா தட்டும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

“போலாமாப்பா?” என்று மகள் கையை இழுத்தாள்.

“இன்னும் கொஞ்ச நேரம் இரும்மா” என்றேன்.