அக்காவின் செப்பு வளையம்

இந்த நினைவு மலரின் அட்டைப்படத்தில் அக்காவின் வலது மணிக்கட்டில் மின்னுவது தங்கம் அல்ல, செம்பு. அச்சகத்தார் தாமாகவே அதைப் பொன்னிறமாக்கிவிட்டார். திருத்தச் சொன்னேன். "படத்துல அம்மா நல்லாத்தானே சார் இருக்காங்க" என்றார். அச்சகத்தில்கூட அக்கா கட்சிதான். அக்காவின் முதலாண்டு நினைவு வழிபாட்டுக்கு வந்து இதைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அக்கா வாலாஜாபாத் பக்கத்தில் பிறந்தவர். எட்டாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு, மண்ணூரில் வாழ்க்கைப்பட்டார். நான் மருந்தியல் படித்து, அரசு மருத்துவமனையில் தலைமை மருந்தாளுநராக இருந்து 2007-இல் ஓய்வு பெற்றேன். எந்த மருந்தை எந்தக் குளிரில் வைப்பது, எதை எதனோடு கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இருந்தும் எங்கள் குடும்பத்தில் ஒருவர்கூட என்னிடம் தலைவலிக்கு வழி கேட்டதில்லை. கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் அக்காவைச் சுற்றித்தான் கூட்டம். நான் பந்திக்கு இலை போதுமா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

மாமா மாரடைப்பில் இறந்தபோது அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நிலத்தில் பாதி ஏற்கெனவே ஆலைக்காரர்களுக்குப் போயிருந்தது. அக்கா அழுதுகொண்டு உட்காரவில்லை. வீட்டின் பின்பக்கம் நான்கு அறைகள் கட்டி, தெற்கேயிருந்து ஆலை வேலைக்கு வந்த பெண்களுக்கு வாடகைக்கு விட்டார். எந்த ஷிப்ட் முடிந்து வந்தாலும் அவர்களுக்குச் சூடாகச் சோறு இருக்கும். நான் சொல்லாமல் போனால் பழைய குழம்புதான் கிடைக்கும்.

அந்த நாட்களில்தான் அவருக்கு விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கின. காலையில் எழுந்தால் டம்ளரைப் பிடிக்க முடியாது. முடக்குவாதம் என்று பார்த்தவுடன் எனக்குத் தெரிந்தது. விட்டால் விரல்கள் கோணிப்போகும், பிறகு எந்த மருந்தாலும் நிமிர்த்த முடியாது. மருத்துவரிடம் காட்டினேன், மாத்திரையும் வாங்கிக் கொடுத்தேன். அக்கா இரண்டு வாரம் சாப்பிட்டு நிறுத்திவிட்டார். அடுத்த முறை நான் போனபோது கையில் செப்பு வளையம் இருந்தது. காஞ்சிபுரத்தில் கோயில் கடையில் வாங்கியதாம்.

"இதனால ஒரு பிரயோசனமும் இல்ல அக்கா. செம்பு தோல் வழியா போயி வலிய தீர்க்கும்னு யாரும் நிரூபிச்சதில்ல" என்றேன்.

"இன்னாடா தம்பி, உன் மாத்திரைய துன்னா வயிறு எரியுது. இது இன்னா கேக்குது? சோறா, தண்ணியா? கையில கம்முனு கீது."

"கை பச்சையாயிடும்."

"ஆவட்டும். உங்க மாமா போனப்புறம் இந்தக் கை வெறுங்கையா இருந்துச்சி. இப்ப இல்ல."

ஆனால் விரல்கள் வீங்கிக்கொண்டேதான் இருந்தன.

அடுத்து, நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்த பெண்கள் கை வலி, கால் வலி என்று ஆளுக்கொரு வளையம் கேட்டார்கள். அக்கா வாங்கிக் கொடுத்தார். பிறகு என் மனைவியும் ஒன்று போட்டுக்கொண்டாள்.

"முட்டியில வலி. வளையம் கையில. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டேன்.

"அண்ணி குடுத்ததுலேர்ந்து வலி கம்மியாத்தான் இருக்கு. உங்களுக்கு வயித்தெரிச்சல்."

அந்த நோய்க்கு என்னிடம் மருந்து இருந்ததில்லை.

மணிக்கட்டு பச்சையாவது பற்றி ஒரு வார்த்தை. வியர்வை பட்டுச் செம்பின் மேல் உண்டாகும் உப்பு தோலில் ஒட்டுகிறது, அவ்வளவுதான். சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடும். உடம்பிலிருக்கும் கெட்ட நீர் வெளியேறுகிறது என்று சொல்வது கதை. அக்காவின் வீட்டில் எல்லோரும் நம்பியது அந்தக் கதையைத்தான்.

இப்படியே சில வருடங்கள் போயின. 2012-இல் ஒரு நாள் அக்காவே எனக்குப் போன் செய்தார். "தம்பி, கொஞ்சம் வந்துட்டுப் போடா" என்றார். உடம்பு சம்பந்தமாக அக்கா என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அடுத்த பேருந்தில் ஏறினேன்.

அங்கே இசக்கியம்மாள் என்ற பெண் அழுதுகொண்டிருந்தாள். தென்காசிப் பக்கத்துப் பெண், ஒரகடத்தில் ஒரு மின்னணு ஆலையில் பயிற்சிக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. வளையம் போட்டிருந்த இடது மணிக்கட்டில் தோல் சிவந்து, கொப்புளித்து, நீர் வடிந்துகொண்டிருந்தது.

"சார், இது ஒட்டுவாரொட்டி இல்லைன்னு டாக்டர் எழுதித் தந்தாத்தான் லைன்ல நிக்க விடுவாங்களாம். இல்லைன்னா ஊருக்குத்தான் போவணும்லா. தங்கச்சி படிப்பு என் சம்பளத்துலதான் ஓடுது" என்றாள்.

மற்ற பெண்கள் தங்கள் வளையங்களைக் கழற்றிச் சமையலறை மேடையில் வைத்திருந்தார்கள். யாரும் அக்காவைக் குறை சொல்லவில்லை, ஆனால் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவும் இல்லை. அக்கா என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "என்னாலதானாடா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். செம்பு அந்த வீட்டை விட்டே போயிருக்கும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையைப் பார்த்தேன். வளையத்தால் வந்த புண் என்றால் மணிக்கட்டைச் சுற்றி வந்திருக்க வேண்டும். சுற்றிலும் பச்சைக் கறைதான் இருந்தது, அதன் கீழே தோல் சுத்தமாக இருந்தது. புண் உள்பக்கம், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு, ஒரே இடத்தில்.

"வேலை செய்யும்போது இந்த இடத்தில என்ன படும்?"

"ஸ்ட்ராப் சார்." உடம்பில் சேரும் நிலைமின்சாரம் கருவிகளின் மின்பலகையைக் கெடுக்காமலிருக்க லைனில் கட்டும் பட்டையாம். அதன் உள்பக்கம் ஓர் உலோகத் தகடு தோலைத் தொட்டுக்கொண்டே இருக்குமாம்.

"காதுல கவரிங் போட்டா புண்ணாகுமா?"

"சின்னதுலேருந்தே ஆகும் சார். வேப்பங்குச்சிதான் போட்டிருந்தேன்."

நிக்கல். மலிவான உலோகங்களில் கலந்திருப்பது, சிலர் தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. தூய செம்பு அப்படிச் செய்வது மிக அரிது. "செம்பு இல்ல அக்கா" என்றேன். எனக்கு அவ்வளவு கசந்த வாக்கியம் வேறில்லை.

தோல் மருத்துவரிடம் நானே அழைத்துப் போனேன். அவரும் அதையே சொல்லி, தொற்று அல்ல என்று சான்று கொடுத்தார். பட்டைக்குப் பதில் காலணியில் மாட்டும் வகை உண்டா என்று ஆலையில் கேட்கச் சொன்னேன். உண்டு என்று கொடுத்தார்கள். வேலை நிலைத்தது. அக்கா தெருவெல்லாம் சொன்னார்: "எங்க தம்பி கவர்மெண்டு ஆஸ்பத்திரியில இருந்தவன். செம்பு நல்லதுன்னு அவனே சொல்ட்டான்." நான் அப்படிச் சொல்லவில்லை. அடுத்த மாதம் பக்கத்துத் தெருவிலும் வளையங்கள் தெரிந்தன.

சான்று வாங்கிவந்த அன்று, அக்கா கொடுத்த காபியை நான் குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் அது நடந்தது. இன்னொரு டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்த அக்காவின் விரல்களைப் பார்த்து இசக்கியம்மாள் சொன்னாள்:

"அம்மா, வளையத்தால கேடு இல்லைன்னு சார் சொன்னத நம்புதீங்கல்லா? அப்ப மாத்திரையால கேடு இல்லைன்னு அவுக சொல்லுததையும் நம்புங்க. வளையம் பாட்டுக்குக் கெடக்கட்டும், மாத்திரையும் போடுங்க. நாளைக்கு எனக்கு ஆஃப்தான், டாக்டர்ட்ட நான் கூட வாரேன்."

"நீ வர்றியா? அப்ப போலாம்" என்றார் அக்கா.

இத்தனை வருடங்கள் கார் வைத்துக் கூப்பிட்டவன் நான். காபியைக் குடித்து முடித்தேன்.

வயிற்றெரிச்சல் வராத முறையில் மருத்துவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். வாரம் தவறாமல் எடுத்துக் கொடுத்ததும், இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனதும் அந்தப் பெண்தான். நான் கேட்டால் "அவ பாத்துக்கறா" என்பார் அக்கா. சில மாதங்களில் வீக்கம் வடிந்தது. மாத்திரையால் வடிந்தது என்று நான் சொன்னேன், வளையத்தால் என்று என் மனைவி சொன்னாள், இரண்டாலும் என்று அக்கா தீர்ப்புச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது, வலியில்லாமல் மடங்கும் விரல்களால் இசக்கியம்மாளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றது அவருக்குத் தெரியவில்லை.

சென்ற ஆண்டு மார்ச்சளி முற்றி அக்கா ஒரு வாரம் படுத்திருந்து மறைந்தார். கூட இருந்து கவனித்த மருத்துவர், செவிலியர்களுக்கும், ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்து காத்த பெண்களுக்கும், இறுதி நாளில் தோள் கொடுத்த மண்ணூர் மக்களுக்கும், தொலைவிலிருந்து வந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மலரின் முதல் பிரதியைப் பெரியவர்களுக்குக் கொடுப்பதுதான் முறை என்று அச்சகத்தார் சொன்னார். முறை எனக்கும் தெரியும். ஆனால் அக்கா கடைசி இரண்டு வருடமும் தன் கையால் பிசைந்து உண்டார், தானே தலை வாரிக்கொண்டார் என்றால் அதற்குக் காரணம் இசக்கியம்மாள். நான் இல்லை. அக்கா அவளிடம் சொன்ன "அப்ப போலாம்" என்பதை ஒரு தடவையாவது என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆனாலும் இந்த மலரின் முதல் பிரதி இசக்கியம்மாளுக்கு. அதை என் கையாலேயே கொடுக்கிறேன்.