பருத்தி இலையும் மாட்டு ஆஸ்பத்திரியும்

செடிகளின் மூலக்கூறு உயிரியல் என்று வாய் நிறையப் பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, எங்கள் தொழிலில் பாதி நாள் இலையை அரைப்பதிலும் மீதி நாள் அரைத்தது ஏன் இப்படி ஆயிற்று என்று முழிப்பதிலும்தான் போகும். கண்ணாடிக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பெருமூச்சு விட்டவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் என் கணவரைப் போலப் பொறுமையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ராஜபாளையத்துக் கல்லூரி ஒன்றில் சாமுவேல் சாரிடம் நான் ஆராய்ச்சி மாணவி. எங்கள் பக்கத்துப் பருத்தி ரகங்களை அவற்றின் டி.என்.ஏ.வைக் கொண்டு இனம் பிரிப்பது என் வேலை. சார் அந்த வருஷக் கடைசியில் ஓய்வு பெற இருந்தார். அவர் போனதும் எங்கள் ஆய்வுக்கூடத்தைக் கம்ப்யூட்டர் வகுப்புக்குக் கொடுப்பது என்று நிர்வாகம் முடிவு செய்துவிட்டது. மதுரையில் ஒரு பேராசிரியை மட்டும், "சுத்தமான டி.என்.ஏ. எடுத்துக் காட்டு, உன்னை என் மாணவியாகச் சேர்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லியிருந்தார். எடுக்க முடியாவிட்டால், சாருக்குப் போடும் பிரிவு உபசார மாலையோடு என் ஆராய்ச்சிக்கும் சேர்த்து ஒரு மாலை போட வேண்டியதுதான்.

புதுக் கேசு

பருத்தி இலையைச் சும்மா அரைத்தால் அதிலுள்ள கறை முந்திக்கொண்டு எல்லாவற்றையும் கெடுத்துவிடும். திரவ நைட்ரஜனை ஊற்றினால் இலை கண் இமைப்பதற்குள் உறைந்து அப்பளமாக நொறுங்கும். அந்த நைட்ரஜனுக்கு எங்கே போவது? சென்னையிலும் மதுரையிலும் குழாயைத் திறந்தால் வருமோ என்னவோ, எங்கள் பக்கத்தில் அது இருந்த ஒரே இடம் ஸ்ரீவில்லிபுத்தூர் மாட்டு ஆஸ்பத்திரி. சினை ஊசிக்கான சரக்கைக் கெடாமல் அதில்தான் முக்கி வைத்திருப்பார்கள். டாக்டர் நல்ல மனிதர், மிச்சம் இருந்தால் ஊற்றித் தருவார். ஆனால் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

எனக்கு முன்னால் பசுக்கள், பின்னால் பசுக்கள், நடுவில் கையில் கேனோடு நான். முன்னால் நின்ற பெரியவர் என்னையும் பார்த்தார், என் பின்னால் மாடு எதுவும் இல்லாததையும் பார்த்தார். "ஒங்க மாடு எங்கம்மா?" என்றார். "மாடு இல்லைங்கய்யா, பருத்திக்கு" என்றேன்.  அவர் உடனே தன் பசுவின் கயிற்றைப் பிடித்து ஒதுங்கி நின்று வழிவிட்டார்.

"பருத்திக்கே ஊசி வந்துருச்சாக்கும்! அப்ப நீங்க மொதல்ல போங்க தாயி, ஒங்களுது புதுக் கேசு."

பொங்கும் பால்

திரவ நைட்ரஜன் கேனை இறுக்கி மூடக்கூடாது. மூடினால் வெடிக்கும். மூடாவிட்டால் வெள்ளையாகப் புகை விடும். இப்படிப் புகை விடுகிற கேனோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்தில் இருந்த அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு சீட் தள்ளிப் போனார். ஒருவர் பீடியை அவசரமாக அணைத்தார். நான் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்டக்டர் வந்தார். குனிந்து கேனைப் பார்த்தார். வாடையும் இல்லை, நெருப்பும் இல்லை. அந்த ஊரிலிருந்து கேனில் போவது பால்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. நான் வாயைத் திறப்பதற்குள் பஸ்ஸுக்கே கேட்கும்படி தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"யாரும் பயப்படாதீய, அந்தம்மா அடுப்புலருந்து எறக்குன கையோட ஓடி வந்துட்டாவ. பாலு செத்த நேரத்துல அடங்கிரும்."

கருப்பட்டிப் பாகு

இத்தனை பாடுபட்டும் டி.என்.ஏ. வரவில்லை. வெள்ளை இழையாகத் தெரிய வேண்டிய இடத்தில் ஒவ்வொரு முறையும் பழுப்பு நிறத்தில் ஒரு பிசின் வந்து உட்கார்ந்தது. அளவை மாற்றினேன், உப்பை மாற்றினேன், தண்ணீரை மாற்றினேன். ஒருநாள் மனசு வெறுத்துப் போய் மேல்கோட்டைக் கூட மாற்றினேன். பிசின் மட்டும் மாறவில்லை. பருத்தியை நம்பிப் பிழைக்கிற ஊர்க்காரியான என்னைப் பார்த்து அந்தப் பருத்தியே கைவிரித்ததில் எனக்கு அழுகையாக வந்தது. சொல்ல வெட்கமில்லை, தராசுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

சாமுவேல் சார் திட்டுகிற மனிதர் அல்ல. திட்டியிருந்தால் கூடத் தேவலாம் போல இருந்தது. அவர் குழாயை வாங்கி இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். நான் கண்ணைத் துடைத்தது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"செல்வி, எங்க அம்மா காய்ச்சுற கருப்பட்டிப் பாகு இதைவிடக் கருப்பா இருக்கும். நீ எவ்வளவோ முன்னேறிட்ட."

ஊர் உலகத்து அழுகை

மதுரையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த என் தோழி கிரேஸ் ஒரு வழி சொன்னாள். அங்கே அவர்களுடைய கம்ப்யூட்டரில் ஒரு குழு இருந்ததாம். உலகத்தில் எந்த மூலையில் செடி ஆராய்ச்சி செய்கிறவரும் அதில் கேள்வி போடலாம், தெரிந்தவர் பதில் போடுவார். முகம் தெரியாதவர்கள் சும்மா எதற்குச் சொல்லித் தரப் போகிறார்கள் என்று நினைத்தேன். இருந்தாலும் என் புலம்பலை எழுதி அனுப்பினேன். கிரேஸ் அதை இங்கிலீஷில் ஒழுங்குபடுத்திப் போட்டாள்.

பதில்களை அச்செடுத்து அவள் அனுப்பியபோது எனக்கு நம்ப முடியவில்லை. பருத்தியை விட்டுவிட்டுப் புகையிலைக்கு மாறச் சொன்னார் ஒருவர். திராட்சையோடு இதே பாடுபடுவதாக ஒருவர் எழுதியிருந்தார். கடலுக்கு அப்பால் எங்கேயோ இருக்கும் ஓர் அம்மாள்தான் விஷயத்தைச் சொன்னார். இளம் இலையாக எடுக்க வேண்டும். கறையை உறிஞ்சிக்கொள்ள ஒரு பொடி சேர்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இலை பறிப்பதற்கு முன்னால் செடியை இரண்டு நாள் முழு இருட்டில் வைக்க வேண்டும். இருட்டில் இலை தன் சேமிப்பை எல்லாம் தின்று தீர்த்துவிடும், பிசின் குறையும். கடைசி வரியில், தானும் இதற்காகப் பல மாதம் அழுததாகவும், அழுகையில் டி.என்.ஏ. கரைவதில்லை என்றும் எழுதியிருந்தார். அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். என் கணவர் கணேசன் கரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். நான் அர்த்தம் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஏட்டி, அப்ப நீ மட்டும் அழுவல. இதுக்குன்னு ஒரு சங்கமே வச்சு அழுதுக்கிட்டு இருக்காவ."

பேச்சியம்மாவின் இரக்கம்

வயலில் நிற்கிற செடியை எப்படி இருட்டில் வைப்பது? கணேசன் பழைய குடைகளின் கறுப்புத் துணியைப் பிரித்துச் சாக்குக்கு உள்பக்கம் வைத்துத் தைத்தார். காயில் கட்டுகிற கை அல்லவா, தையல் அத்தனை நெருக்கம். வன்னியம்பட்டியில் பேச்சியம்மாவின் பருத்திக்காட்டில் நாலைந்து செடிகளுக்கு அந்தச் சாக்குகளை மாட்டிக் கட்டிவிட்டு வந்தேன். பேச்சியம்மா தனியாளாக வெள்ளாமை பார்க்கிறவர். எதற்கு என்று கேட்கவில்லை. ஆனால் முகம் அவ்வளவு சரியாக இல்லை.

மூன்றாம் நாள் இலை பறித்து வந்து அரைத்தால் பழைய பிசின்தான். கடலுக்கு அப்பால் இருக்கும் அம்மாள் மீது எனக்குக் கோபமே வந்துவிட்டது. சாக்கில் ஓட்டை இருக்குமோ என்று மறுபடி வன்னியம்பட்டிக்குப் போனேன். ஓட்டை இல்லை, ஆனால் இலை பறிக்கும்போது நான் அவிழ்த்தது என் முடிச்சே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பேச்சியம்மாவிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. செய்த நல்ல காரியத்தைச் சொல்கிற மாதிரி நிமிர்ந்து நின்று சொன்னார்.

"ரெண்டு நாளும் மத்தியானம் அவுத்துவிட்டு நல்லா வெயில் காட்டித்தான் திருப்பிக் கட்டுனேன். எம்புட்டு நேரந்தான் அதுக மூச்சு முட்டிக் கெடக்கும்? நீங்க பெத்திருந்தா இப்படிக் கட்டிப் போட்டுருப்பீயளா?"

தூங்கும் பிள்ளைகள்

அந்தக் கடைசிக் கேள்வி எனக்குச் சுருக்கென்றது. கல்யாணமாகி வருஷங்கள் ஆகியும் குழந்தை இல்லாதவளிடம் எல்லோரும் கேட்கிற கேள்விகள் எனக்குப் பழக்கம்தான். பேச்சியம்மா அதை நினைத்துச் சொல்லவில்லை என்பதும் தெரியும். ஆனாலும் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். சாருக்கு விழா நடக்க இன்னும் சில நாட்களே இருந்தன. டி.என்.ஏ., பிசின், இருட்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒன்றே ஒன்று மட்டும் சொன்னேன். "மூச்சு முட்டலம்மா. அதுகளைத் தூங்க வைக்கிறேன். தூங்கி எந்திரிச்சாத்தான் என் படிப்பு தேறும். இல்லைன்னா இத்தோட முடிஞ்சுது."

பேச்சியம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் முதுகைத் தடவிக் கொடுத்தார். பிறகு தானே எழுந்து போய்ச் சாக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து, இந்த முறை வேறு செடிகளுக்கு மாட்டினார். மறுநாள் நான் போனபோது அங்கேயே ஓலைக்குடை போட்டுக் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். களை வெட்ட வந்த பெண்கள் பேச்சும் சிரிப்புமாக அந்தப் பக்கம் திரும்ப, கையை ஓங்கிக்கொண்டு கிசுகிசுத்த குரலில் விரட்டினார்.

"ஏட்டி, வாய மூடிட்டு அங்கிட்டுப் போங்க, பிள்ளைய தூங்குது!"

சார் பார்த்தது

அந்த இலைகள் சாரின் பிரிவு உபசார நாள் காலையில்தான் என் கைக்கு வந்தன. கணேசன் மாட்டு ஆஸ்பத்திரியிலிருந்து கேனை டி.வி.எஸ். ஃபிஃப்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, கடைக்குப் போகாமல் வாசலிலேயே நின்றார். அரைத்தேன், சூடாக்கினேன், இயந்திரத்தில் வேகமாகச் சுற்றவிட்டேன், தெளிவைப் பிரித்தேன். கீழே அரங்கத்தில் மைக் சோதிக்கும் சத்தம் கேட்டது. நாலு குழாய்களிலும் குளிர்ந்த ஆல்கஹாலை மெதுவாக விட்டுச் சாய்த்தேன்.  ஒன்றும் தெரியவில்லை. பிறகு முதல் குழாயின் நடுவில் வெள்ளையாக ஏதோ சுருண்டது. இழை இழையாகச் சேர்ந்து எழும்பியது. அடுத்ததில், அதற்கடுத்ததில், நாலிலும். பழுப்பு எங்கேயும் இல்லை.

"சார்!" என்று நான் போட்ட சத்தத்தில் கணேசன்தான் முதலில் உள்ளே ஓடி வந்தார். பின்னாலேயே புதுச் சட்டையும் கழுத்தில் துண்டுமாகச் சார் வந்தார். குழாயை வாங்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தார். கீழேயிருந்து ஆள் வந்து, பிரின்சிபால் காத்திருக்கிறார், வரவேண்டும் என்று கூப்பிட்டார். சார் அசையவில்லை. "பாஸ்" என்று என்னிடம் சொல்லப் போகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கண் நிறைந்திருந்தது. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நான் என் பட்டத்தை மட்டுமே நினைத்துக்கொண்டு ஓடியிருந்தேன். அவருக்கும் அன்றுதான் கடைசி நாள்.

"வேலைக்குச் சேந்த நாள்லருந்து இதைப் போர்டுல வரைஞ்சு வரைஞ்சே சொல்லிக் குடுத்தேம்மா. கண்ணால இன்னைக்குத்தான் பாக்கேன்."

மறு மாதம் அறை கம்ப்யூட்டருக்குப் போனது, மூன்று குழாய்களோடு நான் மதுரைக்குப் போனேன், பீரோ சாவியிலிருந்து உடைந்த ஸ்டூல் வரை கல்லூரிச் சாமான் அத்தனையையும் ஒழுங்காக ஒப்படைத்துவிட்டு ஓய்வு பெற்ற சார் நாலாவது குழாயை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டியதுதான் எங்கள் ஆய்வுக்கூடத்தில் நடந்த ஒரே திருட்டு.