தவில் தோலும் நூற்றியொன்றும்

என் நாத்தனார் எம்.எஸ்சி. கணிதம் கடைசி வருஷம் படித்தபோது, எட்டாவதோடு நின்ற நான் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமில் கை வைத்தேன். குலசாமி சாட்சி, பொய்யில்லை.

தவில் தோலைத் தட்டினால் அது எப்படி அதிரும் என்று சொல்லும் சார்பு என்ற கணக்கு ஒன்று இருக்கிறதாம். அதற்குப் பூஜ்யம், ஒன்று, இரண்டு என வரிசைகள் உண்டு. வரிசை ஏற ஏற மதிப்பு சுருங்கி ஒன்றுமில்லாமல் ஆக வேண்டும். முதல் இரண்டு மதிப்பு தெரிந்தால் மூன்றாவது, அதை வைத்து நான்காவது என்று மெஷின் ஏறிப்போகும். இவள் அப்படித்தான் எழுதியிருந்தாள். தஞ்சாவூர் கல்லூரியில் ஓட்டிப் பார்த்துவிட்டு நீடாமங்கலத்தில் ரயிலிறங்கி வந்தவள் முகத்தில் களையே இல்லை. அச்சடித்த தாளில் ஆறேழு வரி ஒழுங்காகச் சுருங்கிய எண்கள், அப்புறம் ஊதத் தொடங்கி, அடியில் தாளின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றன.

“மெஷின் கடைசி இலக்கத்த வெட்டிடுது அண்ணி. அந்தத் துளி தப்பு படிக்குப் படி பெருகுது. திங்கக்கிழமை பரீட்சை வைக்க வெளியூர் சார் வர்றாரு. அட்டவணை தப்புன்னா எனக்கு ஒரு வருஷம் போச்சு.”

சார்பின் பெயர் என் வாயில் நுழையவில்லை. பிள்ளையாரிடம் ‘தவில் சமாச்சாரம்’ என்று மட்டும் சொல்லி விளக்கேற்றினேன். அவருக்குத் தெரியாததா.

சனிக்கிழமை காலை நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நூலகப் புத்தகத்தோடு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“தலைகீழா வரணும் அண்ணி. இருபதாவது வரிசையில ஏதோ ஒரு எண்ண வெச்சு, அதுக்கு மேல பூஜ்யம்னு வெச்சுட்டு, கீழ எறங்கணும். எறங்குறப்ப தப்பு சுருங்கிடும்.”

“ஏதோ ஒண்ணுன்னா?”

“எதுவானாலும் சரி. பூஜ்ய வரிசைக்கு எறங்கினதும் ஒரு கூட்டல் இருக்கு. அது ஒண்ணுன்னு வரணும். வராது. வந்த தொகையால எல்லாத்தையும் வகுத்துட்டா சரியாயிடும்.”

“பொய்ய எழுதி மெய்ய எடுக்கறீங்களா? நல்லா இருக்குடி ஒங்க படிப்பு.”

வாசலில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்த மாமனார் சிரித்தார். குத்தகை வயலுக்காக வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்தவர் அவர்.

“இதுல என்ன அதிசயம். பினாமிதானே? நில உச்சவரம்புச் சட்டம் வந்தப்ப மிராசுதாரு நம்ம வயல தொட்டில்ல கெடந்த பேரன் பேர்ல எழுதல?”

“அந்தப் பினாமி லேசுல போகலப்பா. இது வகுத்தா போயிடும்” என்றாள் மகள்.

நோட்டை எட்டிப் பார்த்தேன். மேலே பூஜ்யம், அதன் கீழே ஒன்று. எனக்கு மனசு ஒப்பவில்லை.

“பூஜ்யத்துக்குப் பக்கத்துல தனி ஒண்ணா? நல்ல காரியத்துக்கு நூத்தியொண்ணு வை.”

“மொய்யா எழுதறேன்?”

“வைடி.”

என் வாயை அடைப்பதற்காக, ஒன்றை அடித்துவிட்டு 101 என்று எழுதினாள். அவள் எழுந்து போனதும் பக்கத்தின் மூலையில் மஞ்சள் தடவினேன்.

திங்கட்கிழமை நடந்ததை அவளே சாயங்காலம் வந்து சொன்னாள். வெளியூர் ஆசிரியர் புரோகிராமில் விரல் ஓட்டிக்கொண்டே வந்தவர் ஒரு வரியில் நின்றாராம்.

“எல்லாரும் ஒண்ணு வெப்பாங்க. இது என்ன நூத்தியொண்ணு?”

“எங்க அண்ணி வெக்கச் சொன்னாங்க சார்.”

கூடப் படிப்பவர்கள் சிரித்தார்களாம். அவர் சிரிக்கவில்லை.

“அண்ணி வேற எண் சொன்னா அட்டவணை மாறுமா?”

“மாறாது சார். நீங்களே ஒரு எண் சொல்லிப் பாருங்க.”

அவர் எட்டு என்றார். கேட்டுக்கொண்டிருந்த நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சனிக்கு உரிய எண்ணைப் போய் யாராவது வைப்பார்களா? இவள் எட்டை அடித்து ஓட்டினாள். அதே அட்டவணை. தம்முடைய புத்தகத்தைத் திறந்து வரிக்கு வரி பென்சிலால் ஒத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாராம்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அப்ப நான் சொன்ன நூத்தியொண்ணு எதுக்குமே ஒதவலையா?”

“ஒதவாம என்ன அண்ணி? அத வெச்சுத்தான அவரு கேள்வியே கேட்டாரு. எனக்கு நல்லா பதில் தெரிஞ்சது அந்த ஒரு கேள்விக்குத்தான்.”